16384 வாங்கினால் கோடு மெலியுமா?

கேள்வி: அக்கா, நான் கரூரில் இருந்து எழுதுகிறேன். நான்கு வருடமாகச் சிறுவர் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். என்னிடம் இருப்பது திரை இல்லாத சின்ன பென் டேப்லெட், 2048 லெவல் அழுத்தம் உணரக்கூடியது. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைகிறேன். லைன் ஆர்ட், அதாவது கோட்டோவியம் போடும்போது மெதுவாகத் தொட்டால் கோடே விழுவதில்லை. கொஞ்சம் அழுத்தினால் தடியாக விழுகிறது. முடிவில் மெலிந்து மறையாமல் வெட்டினாற்போல் நிற்கிறது. நாள் முழுக்க வரைந்தால் கட்டைவிரல் அடியில் வலி வேறு. 16384 லெவல் உள்ள திரை டேப்லெட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோழி சொல்கிறாள். 30,000 ரூபாய் ஆகிறது. சீட்டுப் பணம் வரப்போகிறது, வாங்கிவிடட்டுமா? இன்னொன்று, துபாயில் இருக்கும் அண்ணன் ஐபேட் வாங்கி வருகிறேன் என்கிறார். அதற்கு எந்தப் பென்சில் வாங்கச் சொல்வது?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, சீட்டுப் பணத்தை இந்த மாதம் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் தொல்லை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதே மாதிரி வெட்டுப்பட்ட கோடுகளோடு நானும் ஒரு வருடத்துக்கு மேல் போராடியிருக்கிறேன். அந்தத் தொல்லைக்கும் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் லெவல் எண்ணுக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த எண்ணைப் பற்றித்தான். எழுதுகிறவர்களில் பலர் கடன் வாங்கி, அந்த எண்ணை நம்பிப் பொருள் வாங்கிவிட்டு, பழைய கோட்டையே மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்த்துவிடுவோம். பேனாவை மெல்லத் தொடுவதில் தொடங்கி முழு பலத்தோடு அழுத்துவது வரை உள்ள தூரத்தை எத்தனை படிகளாகப் பிரிக்கிறார்கள் என்பதுதான் லெவல். 2048 என்றால் 2048 படி. இப்போது உங்கள் பிரஷ் 30 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி ஏறினால் கோடு எவ்வளவு தடிக்கும்? ஒரு பிக்சலில் 68இல் ஒரு பங்கு. அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அழுத்தத்தை வைத்து நிறத்தின் அடர்த்தியை மாற்றினாலும் இதே கதைதான். சாதாரண 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 சாயல். உங்கள் டேப்லெட் ஒவ்வொரு சாயலுக்கும் எட்டுப் படி வைத்திருக்கிறது. அதை அறுபத்து நான்கு படி ஆக்கினால் கூடுதலாக என்ன தெரிந்துவிடப் போகிறது?

1998இல் வந்த, வாகாம் நிறுவனத்தின் இன்டுவோஸ் டேப்லெட்டில் 1024 லெவல்தான். 2009இல் வந்த இன்டுவோஸ் 4இல் 2048. 2017இல் புதுப்பித்து வந்த இன்டுவோஸ் ப்ரோவில்தான் 8192 ஆனது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வருடங்களில் உலகம் முழுக்கத் தொழில்முறை ஓவியர்கள் வரைந்து குவித்ததில் பெரும்பகுதி உங்களிடம் இருக்கும் அதே 2048ஐ வைத்துத்தான்.

சரி, அந்த எண்ணுக்குப் பயனே கிடையாதா என்றால், ஓரிடத்தில் உண்டு. மிகவும் லேசான கை உள்ளவர்கள், அழுத்தத்தின் அடிமட்டத்தில் சின்னதொரு பகுதியை மட்டும் எடுத்து, அதையே முழு வீச்சாக நீட்டிக்கொண்டு, 300 பிக்சல் மாதிரி பெரிய பிரஷ்ஷில் வரைந்தால், 2048இல் படிகள் லேசாகத் தெரியக்கூடும். சிறுவர் கதைக்கு லைன் ஆர்ட் போடும் உங்களுக்கு அந்த நிலை வராது.

அப்படியானால் கோடு ஏன் வெட்டுப்படுகிறது? அதற்குப் பேனாவுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நல்லது. பேட்டரி இல்லாத பேனாக்களின் உள்ளே ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கின்றன. டேப்லெட்டின் அடியில் இருக்கும் கம்பி வலை அனுப்பும் மின்காந்த அலையில் அந்தச் சுருள் அதிர்ந்து பதில் தருகிறது. பதில் வரும் இடத்தை வைத்துப் பேனா எங்கே இருக்கிறது என்று டேப்லெட் கண்டுபிடிக்கிறது. நிப் உள்ளே அமுங்கும்போது அதிர்வு ஒரு துளி மாறும், அதுதான் அழுத்தம். ஆக, அழுத்தத்தை உணர்வது பேனாதான். பலகையை விரலால் எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. டேப்லெட்டை மாற்றுவதற்கு முன்னால் பேனாவைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தப் பேனாவுக்கும் ஒரு வாசற்படி இருக்கும். இத்தனை கிராம் எடை நிப்பில் விழுந்தால்தான் முதல் புள்ளி விழும் என்ற கணக்கு அது. தொடக்க அழுத்தம் என்று சொல்லலாம். எக்ஸ்பி பென் என்ற டேப்லெட் நிறுவனம் தன் எக்ஸ்3 சிப் பேனாக்களுக்கு 3 கிராம் என்று அறிவிக்கிறது. ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. பழைய பேனாக்களிலும் மலிவான பேனாக்களிலும் இது பல மடங்கு கூடுதலாக இருக்கும். வாசற்படிக்குக் கீழே நீங்கள் எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் கணினிக்கு அது தெரியாது. கோட்டின் முடிவில் கையை மெல்லத் தூக்குகிறீர்கள் அல்லவா, அந்தக் கடைசி இழை இந்தப் படிக்குக் கீழே விழுந்து காணாமல் போகிறது. அதைத்தான் வெட்டினாற்போல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். கேக் மாவு அளக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும், அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். தராசின் மேல் ஒரு சின்ன டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் டேப்லெட் எண்ணை மறைத்துவிடும். டப்பாவின் மேல் டேப்லெட்டை வைத்து, ஒயர் தொங்காமல் தளர்வாக விட்டு, தராசைப் பூஜ்யம் ஆக்குங்கள். கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்ஸ் பக்கத்தில் டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் திறந்துகொள்ளுங்கள். உள்ளங்கை டேப்லெட்டில் படாமல், பேனாவை மட்டும் நடுவில் மெல்ல மெல்ல இறக்குங்கள். டெஸ்டரில் அழுத்த எண் முதலில் அசையும் நேரத்தில் தராசு எத்தனை கிராம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அழுத்திக்கொண்டே போய், டெஸ்டர் 100 சதவீதத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். நாலைந்து முறை செய்து பார்த்தால் உங்கள் பேனாவின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கைக்கு வந்துவிடும்.

என் மேசையில் இப்போது இரண்டு பேனா இருக்கிறது. ஒன்று 4 கிராமில் எழுதத் தொடங்குகிறது, மற்றது 18 கிராமில். பெட்டியில் போட்ட லெவல் இரண்டுக்கும் ஒன்றே. முதல் பேனாவில் புருவம் வரைந்தால் முடியின் நுனி தெரிகிறது. இரண்டாவதில் கம்பளிப்பூச்சி மாதிரி வருகிறது.

ஐந்தாறு கிராமுக்குள் உங்கள் பேனா தொடங்கினால் பேனாமேல் குற்றமில்லை. இருபதை ஒட்டி இருந்தால் நிப்பைக் கழற்றிப் பாருங்கள். நுனி ஒரு பக்கம் சீவினாற்போல் தேய்ந்திருக்கிறதா? கழுத்தில் தூசியும் அழுக்கும் அடைந்திருக்கிறதா? உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புது நிப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். நிப் அதன் துளைக்குள் உரசாமல் வழுக்கிப் போக வேண்டும். உரசினால் அந்த உரசலை வெல்லவே உங்கள் கை பாதி பலத்தைச் செலவழிக்கும்.

பேனாவை டம்ளரில் தலைகீழாகப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நான் மூன்று வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். நிப்பின் மேலேயே பேனாவின் முழு எடையும் இரவு பகலாக உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் பேனா டேப்லெட்டைத் தொடாமலேயே கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் அட்டைப்படம் கொடுத்தாக வேண்டும். அன்றிரவு மௌஸை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். படுக்கவைத்து வையுங்கள், அது போதும்.

பேனாவைப் பிடிக்கும் சாய்வையும் கவனியுங்கள். நிப் உணர்வது பேனாவின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தை மட்டும்தான். 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் நீங்கள் கொடுக்கும் பலத்தில் 70 சதவீதம்தான் அந்த வழியில் போகிறது. மீதி நிப்பைப் பக்கவாட்டில் தள்ளி உரச வைக்கிறது. எழுதும்போது பேனாவை ரொம்பப் படுக்கவைத்துப் பிடிக்கிறவர் என்றால், கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து அதே கோட்டைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இனி யாரும் அதிகம் பேசாத, ஆனால் உங்கள் விஷயத்தில் முக்கியம் என்று நான் நினைக்கும் காரணத்துக்கு வருகிறேன். உங்களுடையது சின்ன டேப்லெட் என்கிறீர்கள். பெரும்பாலான சின்ன டேப்லெட்டுகளில் வரையும் பரப்பு 15 சென்டிமீட்டர் அகலம்தான். கணினித்திரை 24 அங்குலம் என்றால் அதன் அகலம் 53 சென்டிமீட்டர். கை 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் மூன்றரை சென்டிமீட்டர் ஓடுகிறது. திரையில் ஏழு சென்டிமீட்டர் நீளப் பின்னல் ஒன்றை வரைகிறீர்கள் என்றால், உங்கள் கை மொத்தமே 2 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அந்த 2 சென்டிமீட்டருக்குள் மெலிந்து தொடங்கி, தடித்து, மறுபடி மெலிய வேண்டும். யார் கையாலும் அது சுலபமில்லை.

கோலம் போட்டுப் பழகியவர் என்றால் இதை நான் விளக்கவே வேண்டாம். நெளிக்கோலத்தில் நீண்ட வளைவை இழுக்கும்போது மாவு ஒரே சீராக விழும். அதே வளைவைத் தீப்பெட்டி அளவில் போடச் சொன்னால், ஓரிடத்தில் கொட்டிப்போகும், ஓரிடத்தில் விட்டுப்போகும். விரலின் பிடி அதேதான், பிடியை மாற்றிக்கொள்ள இடம்தான் இல்லை. எனவே லைன் ஆர்ட் போடும்போது படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். திரையில் முகம் மட்டும் நிறையும் அளவுக்கு வைத்துக்கொண்டு முடியைப் போடுங்கள். கோட்டை மணிக்கட்டால் வளைக்காமல் முழங்கையிலிருந்து இழுங்கள். இதைச் சொல்லும்போதே உங்களுக்கு அலுப்பாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

பேனாவும் கையும் சரியான பிறகுதான் அழுத்த வளைகோட்டை, அதாவது கை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வரைபடத்தை, தொட வேண்டும். பலர் முதலில் இதைத்தான் நோண்டுகிறார்கள். தொந்தரவு என்னவென்றால், இந்த வளைகோடு மூன்று இடத்தில் இருக்கிறது. டேப்லெட்டைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளில் ஒன்று, கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸில் ஒன்று, ஒவ்வொரு பிரஷ்ஷுக்குள்ளும் ஒன்று. மூன்றையும் மாற்றினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது என்ன செய்கிறது என்றே தெரியாமல் போய்விடும். டிரைவரில் இருப்பதை நேர்கோடாகவே விட்டுவிடுங்கள். கிரிட்டாவின் பொதுவான வளைகோட்டை உங்கள் கைக்கு ஏற்ப வையுங்கள். பிரஷ்ஷுக்குள் இருப்பது அந்தந்தப் பிரஷ்ஷின் குணத்துக்காக மட்டும் இருக்கட்டும்.

வளைகோடு ஒரு சதுரத்துக்குள் இருக்கும். அந்தச் சதுரத்தில் இடமிருந்து வலமாகப் போவது உங்கள் கையின் அழுத்தம், கீழிருந்து மேலாகப் போவது கோட்டின் தடிமன். கொஞ்சம் அழுத்தினாலே தடித்துவிடுகிறது என்றால், இடப்பக்கம் வளைகோட்டைக் கீழே தொய்ய விடுங்கள். தொடக்கத்தில் மெதுவாக ஏறும். அப்படி மட்டும் செய்தால் தடித்த கோட்டுக்கு இன்னும் அழுத்த வேண்டிவரும், உங்கள் கட்டைவிரல் தாங்காது. அதனால் வலப்பக்கத்தில், கை முக்கால் பங்கு அழுத்தும்போதே கோடு முழுத் தடிமனைத் தொடும்படி உச்சிப் புள்ளியை இடப்பக்கம் நகர்த்துங்கள். பார்க்க எஸ் எழுத்தைச் சாய்த்து இழுத்தது மாதிரி இருக்கும். கூடவே பிரஷ்ஷின் அளவையும் குறையுங்கள். 30 பிக்சல் வைத்துக்கொண்டு அதில் 4 பிக்சல் கோட்டைத் தேடுவதைவிட, 12 பிக்சல் பிரஷ்ஷில் 4 பிக்சல் கோடு எளிதாக வரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாசற்படிக்குக் கீழே தொலைந்த தொடுகையை எந்த வளைகோட்டாலும் மீட்க முடியாது. பேனா சொல்லாததைக் கிரிட்டா எப்படிக் கேட்கும்?

வலியைப் பற்றி. பால்பாயின்ட் பேனாவில் எழுதி வளர்ந்த கை நம்முடையது. அந்தப் பேனா அழுத்தினால்தான் எழுதும், அந்தப் பழக்கம் டேப்லெட்டிலும் தொடர்கிறது. பேனா மெலிதாக இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜை இரண்டு சுற்றுச் சுற்றித் தடிமனாக்குங்கள், பிடி தானாகத் தளரும். அரை மணிக்கு ஒரு தடவை பேனாவைக் கீழே வையுங்கள். விரலில் மரமரப்பு இருந்தாலோ, இரவில் வலியால் தூக்கம் கெட்டாலோ, தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். புது டேப்லெட்டைவிட இது அவசரம்.

இந்த ஒரு மாதமும் காலையில் பத்து நிமிடம் மல்லிகை மொட்டு வரையுங்கள். பூவெல்லாம் வேண்டாம், மொட்டு மட்டும், அதுவும் ஒரே இழுப்பில். காம்பு மெலிதாகத் தொடங்கி, மொட்டில் தடித்து, நுனியில் கூர்ந்து முடிய வேண்டும். ஒரு வரிசைக்கு இருபது, மொத்தம் பத்து வரிசை. அடுத்த வாரம் தென்னங்கீற்று. நடு நரம்பிலிருந்து ஒவ்வொரு ஓலையும் தடித்துக் கிளம்பி நுனியில் காற்றில் கரைய வேண்டும். அழிக்காதீர்கள், தேதி போட்டு வையுங்கள். எந்த இடத்தில் கோடு உடைகிறது என்று மூன்றாம் நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாத முடிவில் பேனா இன்னமும் 20 கிராமில்தான் தொடங்குகிறது என்றால் வாங்குங்கள். அப்போதும் திரை டேப்லெட் உடனே வேண்டாம் என்பது என் கருத்து. திரை இல்லாத நடுத்தர அளவு ஒன்று, வரையும் பரப்பு 21 சென்டிமீட்டருக்குக் குறையாமல், தொடக்க அழுத்தத்தைக் கிராமில் குறிப்பிட்டிருக்கும் பேனாவோடு வாங்குங்கள். உங்கள் 30,000இல் பாதிக்குள் முடிந்துவிடும். கடைக்குப் போக முடிந்தால், பேனாவைத் தளர்வாகப் பிடித்து, அதன் சொந்த எடையிலேயே பலகைமேல் இழுத்துப் பாருங்கள். இழையாக ஒரு கோடு விழுந்தால் நல்ல பேனா. ஆனால் அழுத்தமான கை உள்ளவர்களுக்குத் தொடக்க அழுத்தம் ரொம்பக் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான், கையைத் தூக்குவதற்குள் வேண்டாத வால்கள் விழும். உங்கள் கை எந்த ரகம் என்று அதற்குள் தராசு சொல்லியிருக்கும்.

கடைசியாக உங்கள் அண்ணன் விஷயம். இதை அவர் டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 2023இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் மற்றவற்றைவிட விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அது அழுத்தம் உணராது. சாய்வு தெரியும், அழுத்தம் தெரியாது. குறிப்பு எழுத அருமை, உங்கள் வேலைக்கு ஆகாது. இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் ஐபேட் பேனாக்களில் பெரும்பாலானவையும் இப்படித்தான். சாய்வு தெரியும், உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், அழுத்தம் என்ற வார்த்தை இருக்காது.

அழுத்தம் உணர்பவை 2015இன் முதல் பென்சில், 2018இன் இரண்டாம் பென்சில், 2024இன் பென்சில் ப்ரோ ஆகிய மூன்றும். எல்லா ஐபேடுக்கும் எல்லாப் பென்சிலும் சேராது. ஏ16 சிப் உள்ள சாதாரண ஐபேட் என்றால் முதல் பென்சில்தான் உங்களுக்கு, அதை இணைக்கவும் சார்ஜ் போடவும் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். எம்2 அல்லது எம்3 சிப் உள்ள ஐபேட் ஏர் என்றால் பென்சில் ப்ரோ. இரண்டாம் பென்சில் அதில் வேலை செய்யாது, யாராவது பழையதைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றாலும் வாங்கிவிட வேண்டாம். ஆப்பிள் தன் பென்சிலுக்கு எத்தனை லெவல் என்று அறிவிப்பதே இல்லை. அதிலும்தான் ஓவியர்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஐபேட்தான் வேண்டும் என்றில்லை, எது வாங்கினாலும் சரி என்று அண்ணன் சொன்னால், சாம்சங் காலக்ஸி டேப் எஸ் வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் எஸ் பென் பெட்டியோடு வரும், வரைவதற்கு சார்ஜ் தேவையில்லை, அழுத்தம் உணரும். இருக்கும் பணத்துக்கு ஐபேடா அல்லது அழுத்தம் உணரும் பேனாவா என்ற நிலை வந்தால், ஒரு படி குறைந்த டேப்லெட்டும் சரியான பேனாவும் வாங்கி வரச் சொல்லுங்கள். பில் போடும் முன் பேனா பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகு அவர் பணம் கட்டட்டும்.